பிக்கப்புக்கு வந்த சனிக்கிழமை இருமல்

பெட்ரோல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால், அது எப்படி நின்றது என்று முதலில் கேட்க வேண்டும். விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கரண்ட் கோளாறு. இருமி, திக்கி, ஒருமுறை முன்னால் துள்ளி, வேறு வழியில்லை என்பதுபோல் நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பன்னிரண்டாவதோடு என் படிப்பு முடிந்தது. இப்போது சங்கரன்கோவிலில் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. பந்தியில் சாம்பார் வேண்டுமென்றால்கூடப் பார்வையால்தான் கேட்பேன். ஆனால் கார்ப்ரேட்டர் விஷயத்தில் மட்டும் யார் தப்பாகச் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது, திருத்திவிடுவேன். சிறுமியாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. முகம் ஜீப், முதுகு சின்ன லாரி. மலை எஸ்டேட் ஒன்றில் தேயிலை மூட்டை சுமந்து ஓய்ந்த வண்டி. ஒரு காலத்தில் அது பச்சை நிறம் என்பது கதவின் உள்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். எல்லாரும் டீசல் வண்டிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பெட்ரோல் குடிக்கிற வண்டியை யாரும் சீண்டாததால்தான் அது அப்பாவின் கைக்கு வந்தது.

அதற்கு முன் அப்பா விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்தார். பகல் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், யார் எதைச் சொன்னாலும் "என்னது, என்னது" என்பார். இரண்டாவது தடவை சொல்லும்போது அம்மாவுக்கு எரிச்சல் வரும், மூன்றாவது தடவை சொல்லவே மாட்டாள். பிக்கப் வந்த பிறகு அப்பாவுக்குக் காது திரும்பக் கிடைத்தது. அடுப்படியில் அம்மா முணுமுணுப்பதற்குக்கூட வாசலிலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். முணுமுணுப்பதை அவள் குறைக்கவில்லை.

புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு லோடு தருவதாகச் சொல்லியிருந்தார். செவ்வாய் ஒன்று, சனி ஒன்று. செங்கோட்டை தாண்டி, மலையேறி இறங்கி, புனலூர் சந்தையில் ஏலத்துக்கு முன்னால் கொண்டு சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் எலுமிச்சைக்கு நல்ல கிராக்கி. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இந்த லோடு நிரந்தரம், தறிப்பக்கம் இனித் திரும்ப வேண்டியதில்லை.

வண்டி இரும ஆரம்பித்தது அப்போதுதான்.

முதல் இருமலுக்குக் காரணம் பெட்ரோல் பம்ப். அதனுள்ளே மேலும் கீழும் அசைகிற ஒரு தோல் கிழிந்திருந்தது. அப்பா அதை மாற்றினார், இருமல் நின்றுவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அம்மா வைத்தியத்தைத் தொடங்கியிருந்தாள்.

சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலில் புற்று இருக்கிறது. அந்த மண்ணை நெற்றியில் பூசிக்கொள்வார்கள், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கோயிலுக்குப் போய் மண் எடுத்து வந்து, மஞ்சளும் கற்பூரமும் சேர்த்து ஒரு பித்தளைச் சம்புடத்தில் அடைத்து வைப்பாள். எங்கள் வீட்டில் வயிற்றுவலி, காய்ச்சல், சிரங்கு, பரீட்சை எல்லாவற்றுக்கும் முதல் மருந்து அதுதான். அளவு ஆளைப் பொறுத்தது. எனக்கு ஒரு சிட்டிகை. அப்பாவுக்கு இரண்டு. பிக்கப் அவ்வளவு பெரிய உடம்பு என்பதால் அதற்கு ஒரு பிடி.

அந்த வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில்தான் நின்றேன். பானெட்டில் சந்தனம் வைத்தாள், முன்விளக்குகளுக்கு இடையில் குங்குமம் வைத்தாள். ஓட்டுகிறவர் கதவுக்குப் பின்னால் இருந்த டேங்க் மூடியைத் திருகித் திறந்தாள். "தாயே, இதுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு, நீதான் எறக்கணும்" என்று சொல்லி, ஒரு பிடி மண்ணை உள்ளே போட்டு மூடினாள். மூடி வைத்த கையோடு என் நெற்றியிலும் மிச்சத்தைத் தேய்த்தாள். எனக்கு இதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. இருமல் வந்தால் என் வாயில் எது விழுமோ அதுதான் வண்டியின் வாயிலும் விழுந்தது.

மறுநாள் சனிக்கிழமை. புளியங்குடி எல்லையைத் தாண்டுவதற்குள் வண்டி திக்கித் திணறி நின்றுவிட்டது.

இங்கே மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. ஒரு தனியார் பஸ்ஸில் கொஞ்ச காலம் கிளீனராக இருந்துவிட்டு, அந்த அனுபவத்தை வாழ்நாள் முழுக்கச் செலவழித்துக்கொண்டிருந்தவர். கை சுத்தமானவர், மனசும் சுத்தம்தான், வாய் மட்டும் பஸ் ஸ்டாண்டு. எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் மறுநாள் டீக்கடைக்கு வராமல் இருந்ததில்லை. ஒருமுறை அம்மா, விருந்தாளிகள் வந்த அவசரத்தில், பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். மாமா அதை நடித்தே காட்டுவார். அம்மா கரண்டியைப் பிடிக்கிற விதம், விருந்தாளிகள் விழுங்க முடியாமல் விழித்த விதம், எல்லாம் வரும். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் பாயசம் வைப்பது நின்றுபோனது.

வண்டி நின்ற செய்தி கேட்டு மாமா வந்தார். பானெட்டைத் திறக்கும் முன்பே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அத்தான், இது சூட்டு நோவு. பெட்ரோலு பைப்புக்குள்ளயே ஆவியாப் போவுது. எங்க பஸ்சுல இப்படித்தான், ஈரச் சாக்கு சுத்துவோம்."

"ஒங்க பஸ்சு டீசல்லா மாப்ள."

"டீசலுக்கு வேர்க்காதா?"

பம்ப்பைச் சுற்றி ஈரச் சாக்கு ஏறியது. செவ்வாய்க்கிழமை லோடு ஒரு தொந்தரவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. மாமா சாக்கின் பெருமையை ஊர் முழுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை அம்மா நன்றிக்கு ஒரு பிடி போட்டாள். சனிக்கிழமை வண்டி கடையநல்லூரில் நின்றது.

அடுத்து டேங்க் மூடியில் காற்றோட்டம் இல்லை என்றார்கள். அது சரியான சந்தேகம்தான். மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார்கள். செவ்வாய் ஓடியது, சனி நின்றது. மாமா பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"அத்தான், ஒங்களுக்கும் சனிக்கிழமைக்கும் ஆகல."

"எனக்கா, வண்டிக்கா?"

"வண்டி ஒங்க பேர்லதான நிக்கி."

அப்பாவுக்குச் சோதனை போடுவதில் ஒரு முறை இருந்தது. அதற்கு நான் தேவைப்பட்டேன். ஓட்டுகிறவர் இடத்தில் என்னை உட்கார வைப்பார். உட்கார்ந்தால் கால் எட்டாது, நின்றால் தலை இடிக்கும். சீட் நுனியில் தொங்கிக்கொண்டு ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். அப்பா கார்ப்ரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். உள்ளே பெட்ரோல் இருந்தால் மிதித்தவுடன் ஊசி போட்ட மாதிரி ஒரு பீச்சல் வரும். வந்தால் "ம்" என்பார். வராவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். பீச்சல் இல்லையென்றால் கார்ப்ரேட்டரின் அடிக் கிண்ணம் காலி. அடுத்து கார்ப்ரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்வார். பெட்ரோல் விட்டுவிட்டு வேகமாக வந்து விழுந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. ஒழுகினால் கோளாறு பின்பக்கம், டேங்க்கில்.

ஒழுகத்தான் செய்தது. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் செம்பழுப்பாக ஒரு வண்டல் படிந்திருந்தது.

"துரு" என்றார் மாமா. "பழைய டேங்க்லா. உள்ள அரிச்சுப் போச்சு."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நானும்தான். டேங்க்கை இறக்கி, உள்ளே சங்கிலியைப் போட்டு உருட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். கழுவின மண்ணெண்ணெய் கருஞ்சிவப்பாக வந்தது. அன்று சாயங்காலம் இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. செவ்வாய்க்கிழமை மலையை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கியது. அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு பிடி.

சனிக்கிழமை லோடு ஏலம் முடிந்த பிறகுதான் புனலூர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மண்டிக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை, ஒரு எலுமிச்சையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே பேசினார்.

"ஏம்வே, எலுமிச்சங்கா என்ன கல்லா, நின்னு நிதானமாக் கொண்டுட்டுப் போறதுக்கு? ஏலம் முடிஞ்சப்புறம் போனா ஊறுகாய்க்குத்தான் கேக்கான்."

"டேங்க்கக் கழுவியாச்சு அண்ணாச்சி. ஒண்ணும் பிடிபட மாட்டேங்கு."

"வார சனிக்கிழமை ஒண்ணு பாப்பம். அதுலயும் நின்னா வேற வண்டி சொல்லிருவேன். சங்கடப்படாதீரும்."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பா இலையைப் பார்த்தபடியே சொன்னார். "லோடு போச்சுன்னா வண்டியக் குடுத்துருவோம். தறிக்கே போயிருதேன்." அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒரு தடவை சொன்னதை மூன்று தடவை சொல்ல வேண்டிய காலம் திரும்பி வரப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். எனக்குத் தோன்றியதெல்லாம் ஆக்சிலேட்டர் மிதிக்கிற வேலை போய்விடுமே என்பதுதான்.

அந்த வாரம் செவ்வாய் லோடு எப்போதும்போல ஓடியது. சனிக்கிழமை "நானும் வாரேன்" என்று அம்மா கிளம்பினாள். முந்தின நாள் அவள் போட்ட அளவை நான் பார்த்தேன். சம்புடத்தில் பாதி காலியாகியிருந்தது. மீதிப் பாதியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமாவும் வந்தார், கோளாறு கண்டுபிடிக்க. மிதிப்பதற்கு நான். முன்னால் அப்பா, நான், அம்மா. பின்னால் எலுமிச்சை மூட்டைகள், அவற்றின் மேல் தார்ப்பாய், அதன் மேல் மாமா. வழியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தார்.

செங்கோட்டை வரைக்கும் இன்ஜின் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தபடி இருந்தன. மலை ஏற ஆரம்பித்து, இரண்டு வளைவு தாண்டி, மூன்றாவதில் ஒரு சின்ன இருமல். அப்பா கியரைக் குறைத்தார். இன்னொரு இருமல். பிறகு அந்தத் துள்ளல். வண்டி நின்றுவிட்டது. அப்பா சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லி, தார்ப்பாய் மேல் தூங்கிப்போயிருந்த மாமாவை எழுப்பினார்.

தேக்கு மரங்களின் நிழல் ரோட்டில் விழுந்திருந்தது. கீழே போகிற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அம்மா இறங்கி, ரோட்டோரக் கல் ஒன்றின் பக்கத்தில் மலையைப் பார்த்து நின்றுகொண்டாள். கை இடுப்பில், சம்புடத்தின் மேல்.

நான் மிதித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. செல்ஃப் அடித்தேன். டப்பாவில் ஒழுகல்தான் விழுந்தது. டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வருகிற பைப்பைக் கழற்றி, அப்பா அதை வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பி, நெற்றி நரம்பு புடைத்து, திடீரென்று டேங்க்குக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. அடைத்திருந்தது விலகிவிட்டது. பெட்ரோலைத் துப்பிவிட்டு அடிக் கிண்ணத்தைக் கழற்றினார். பாதிக் கிண்ணம் வண்டல்.

மாமா மரத்தடியில் பீடி பற்ற வைக்கப் போனார். பெட்ரோல் பக்கத்தில் வைக்காதே என்று அப்பா கையைக் காட்டித் தள்ளிப் போகச் சொன்னார். அப்பா சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருந்தார், பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. போன தடவையே ஏதோ சந்தேகம் அவருக்கு வந்திருக்க வேண்டும். பானெட்டைச் சாத்தி, அதன் தகட்டில் வண்டலைப் பரப்பினார். சூட்டில் பெட்ரோல் பறந்து அது தூளாகிவிட்டது. காந்தத்தை அதன் மேல் கொண்டுபோனார், துருவென்றால் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றும் எழும்பவில்லை. காந்தத்தைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை.

 பிறகு தண்ணீர்க் கேனிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, அந்தத் தூளை எடுத்துக் குழைத்தார். குழைத்து மூக்கருகில் கொண்டுபோனார்.

சீட்டில் இருந்த எனக்கு அவர் முகம் கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. எனக்கு வாசனை வரவில்லை, ஆனால் உள்ளங்கையில் அது காய்ந்து படிந்த விதத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என் நெற்றியில் காய்ந்து படிகிற நிறம். தலையை வெளியே நீட்டி, "அப்பா, அது கோயில்..." என்று தொடங்கினேன்.

"ஏட்டி, உள்ள உக்காரு" என்றார் அப்பா. "ஸ்டியரிங்கக் கெட்டியாப் பிடி. வண்டி பின்னால போயிரும்."

சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் வண்டி பின்னால் போகாமல் இருக்குமா என்று யோசிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமா பீடியைத் தேய்த்துவிட்டு வந்தார்.

"என்ன அத்தான், என்ன சொல்லுது?"

"துரு."

"காந்தம் எடுக்கலியே. நான் அங்கன நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்."

அப்பா உள்ளங்கையை வேட்டியில் துடைக்காமல், விரல்களை மடக்கிக்கொண்டார்.

"இது பழைய துரு மாப்ள. ரொம்பப் பழசாயிட்டா அதுல சத்து போயிரும். காந்தத்துல ஒட்டாது."

மாமா அதை ஒரு வினாடி எடைபோட்டார். பிறகு தலையை ஆட்டினார். "எங்க பஸ்சுலயும் அப்படித்தான்" என்றார்.

எனக்கு அப்பாவை நினைத்து அப்படியொரு வருத்தம் வந்தது. இவ்வளவு சோதனை போடத் தெரிந்தவருக்குக் கோயில் மண்ணை அடையாளம் தெரியவில்லையே என்று இருந்தது. மறுபடியும் சொல்லலாம் என்றால், ஸ்டியரிங்கை விட்டால் வண்டி போய்விடும்.

அம்மா கல்லருகிலிருந்து வந்தாள். சம்புடத்தைத் திறந்து, அப்பாவின் நெற்றியில் மண்ணை வைத்தாள். அப்பா குனிந்து வாங்கிக்கொண்டார், ஒரு கை அப்போதும் மூடியபடிதான் இருந்தது. அம்மா அடுத்து டேங்க் பக்கம் நடந்தாள்.

"ஏளா, மூடி நல்லாச் சுடுது, கைய வைக்காத" என்றார் அப்பா. "பானெட்டுல வச்சுவிடு. அங்கனதான் இன்ஜின் இருக்கு."

அம்மா பானெட்டில் வைத்தாள். பிறகு கீழே இறங்கியபோது நான் அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தேன். நிழலில் இருந்ததால் குளிர்ந்துதான் கிடந்தது.

அதன் பிறகு அப்பா செய்ததுதான் மாமா சாகும்வரை சொன்ன கதை. டேங்க்கை நம்பிப் பிரயோஜனமில்லை என்று, மேலாகக் கொஞ்சம் பெட்ரோலை டியூப் விட்டு உறிஞ்சி எடுத்தார். தன் துண்டை நாலாக மடித்து, அதன் வழியாக ஒரு தகரக் கேனில் வடிகட்டினார். வடிகட்டும்போது எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் துண்டை உதறவில்லை. ரோட்டோரத்தில் உதறிவிட்டுப் போவதை விட்டுவிட்டு, உள்பக்கம் வெளியே தெரியாமல் சுருட்டி, வண்டிக்குள் சீட்டுக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார். ஒரு அழுக்குத் துண்டுக்கு அத்தனை மரியாதை எதற்கு என்று நினைத்தேன்.

கார்ப்ரேட்டரில் பெட்ரோல் பீச்சுகிற ஜெட் துளையை ஊதிச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் பூட்டி, கேனிலிருந்து ஒரு டியூபை நேராகக் கார்ப்ரேட்டருக்குக் கொடுத்தார். பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்கும், பம்ப் தேவையில்லை. ஆனால் கேன் உயரத்தில் இருக்க வேண்டும்.

"மாப்ள, ஏறும்" என்றார் அப்பா.

மாமா முன் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி.

"பீடி வேண்டாம் மாப்ள."

"வாயில பல்லு கிட்டுது அத்தான், பீடிக்கு எங்க போவ."

வண்டி கிளம்பியது. அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டி ஓட்டினார், முன்னால் பார்த்தால் மாமாதான் தெரிந்தார். ஒவ்வொரு வளைவிலும் மாமா, "இருக்கு, இருக்கு, பாதி இருக்கு" என்று கேனின் நிலவரம் சொன்னார். அப்படி யாரும் செய்யக்கூடாது. அன்று எனக்கு அது தேர் மாதிரி இருந்தது. உச்சி தாண்டி இறக்கத்தில் இரண்டு முறை நிறுத்திக் கேனை நிரப்பினார்கள். புனலூர் சந்தையில் ஏல மணி அடிக்கும்போது எங்கள் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மாமாவின் கை கீழே இறங்க மறுத்துவிட்டது. எலுமிச்சை வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து தடவி மடக்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கே பழைய துருவில் காந்தம் ஒட்டாது என்பதை மாமா விளக்கிச் சொன்னார். அவர் மலையாளம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியது எங்களுக்கே புரியவில்லை.

லோடு எங்களுக்கே நிலைத்தது. பிக்கப் இன்னும் பல வருஷம் எங்கள் வாசலில் நின்றது. அப்பாவின் காது கடைசிவரை நன்றாகக் கேட்டது.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா டேங்க்கை மறுபடி இறக்கிக் கழுவினார், இந்தத் தடவை மாமாவைக் கூப்பிடாமல். அம்மாவிடம் ஒரு பழைய வேட்டியைக் கொடுத்து, டேங்க் வாயில் தொங்கவிடுகிற மாதிரி ஒரு சின்னப் பை தைக்கச் சொன்னார். "பெட்ரோல்ல தூசி வருது" என்றார். அம்மா துணியைக் கையில் வைத்து யோசித்தாள். தூசிக்கு ஒற்றைத் துணி போதும். அவள் இரட்டையாக மடித்து, மண்கூட இறங்காத அளவுக்கு நெருக்கமாகத் தையல் போட்டாள். அப்பா அதற்கு ஒரு தகர வளையம் செய்து வாயில் பொருத்தினார். மூடிக்குப் பூட்டுப் போடலாமே என்று மாமா சொன்னபோது, "சாவி தொலைஞ்சு போவும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா எப்போதும்போல மூடியைத் திறந்து ஒரு பிடி போடுவாள். சனிக்கிழமை காலையில் லோடுக்குக் கிளம்பும் முன் அப்பா பையை வெளியே எடுப்பார். வண்டியின் மற்ற அழுக்கெல்லாம், கரி எண்ணெய், கிரீஸ் துணி, எதுவானாலும் தெருச் சாக்கடைக்குத்தான் போகும். அந்தப் பையை மட்டும் கொல்லைக்குக் கொண்டுபோய், யாரும் மிதிக்காத மூலையில் நிற்கிற செம்பருத்தியின் வேரடியில் மெதுவாக உதறுவார். பை நைந்துபோனால் அம்மா கேட்காமலே புதிது தைத்துச் சீட்டில் வைத்துவிடுவாள். அப்பா அதைத் துரு என்றே நினைத்திருக்கிறார் என்று, நானும் அவர் சொல்லிலேயே ஒருமுறை கேட்டேன்.

"துருவ ஏம்ப்பா அங்கன போய்க் கொட்டுதீங்க?"

"செடிக்கு நல்லதுலா மக்கா. இரும்புச் சத்து."

துரு செடிக்கு நல்லது என்பதை மட்டும் நான் முழுசாக நம்பினேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுச் செம்பருத்திக்குத் துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்து வைத்தேன். அது பூக்கவில்லை.

எங்கள் வீட்டுச் செம்பருத்தி நன்றாகப் பூத்தது. அம்மா அந்தப் பூக்களைப் பறித்து வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போவாள். அப்பா வாசலில் பிக்கப்பைத் துடைத்துக்கொண்டே அவள் போவதைப் பார்ப்பார். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன், அம்மா டேங்க்கில் போடுகிற மண்தான் அப்பா உதறுகிற துரு என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பெருமையோடு.